பிரவுன்சீ 1907: நாளுக்கு ஒரு கருப்பொருள், இரவுக்கு ஓர் அணி
குருளையர் (சாரணர் இயக்கத்தின் இளைய பிள்ளைகள்) படையின் மாதத் திட்டத்துக்காக ஒரு நிகழ்வு ஆய்வு

1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பிரிட்டிஷ் படைத்தளபதி பேடன் பவல் ஒரு சிறுவர் முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்தின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. காலையில் பையன்களை எழுப்ப அவர் ஊதிய குடு மான் கொம்பும், போயர் போரில் அவர் காத்த மாஃபெகிங் நகரிலிருந்து வந்து முகாமில் பறந்த கொடியும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வாரம் தவறாமல் ஒரு குருளையர் படையைக் கூட்டி நடத்துகிறவர்களுக்கு அந்த முகாமில் இதைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. அதன் நிகழ்ச்சி நிரலும், வேலையைப் பங்கு போட்ட விதமும்தான் அது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கருப்பொருள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பெரிய பொறுப்பு ஓர் அணிக்கு முழுமையாகப் போனது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தின, அதை ஒரு மாதத்துக்கு நீட்டினால் எங்கே உடையும், எப்படிச் சரி செய்வது என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது.

முகாமின் அமைப்பு

வந்தவர்கள் இருபது சிறுவர்கள். பேடன் பவலின் அண்ணன் மகன் டொனால்டு, ஒன்பது வயது, அவர்களோடு கூட இருந்தான். இருபதில் ஒரு பாதி வசதியான குடும்பத்துப் பையன்கள், உயர்தர விடுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள். மறு பாதி போர்ன்மவுத், பூல் நகரங்களின் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவச் சிறுவர் அமைப்பின் கிளைகளிலிருந்து வந்தவர்கள். கட்டணமும் ஒரே மாதிரி இல்லை. முதல் வகையினருக்கு ஒரு பவுண்டு (20 ஷில்லிங்), மற்றவர்களுக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். சுமையைப் பங்கிடுவது என்ற பேச்சு இங்கேயே தொடங்கிவிடுகிறது. தர முடிந்தவர் கூடுதலாகத் தந்தார், ஆனால் கூடாரத்துக்குள் போன பிறகு எல்லாருக்கும் ஒரே வேலை.

நான்கு அணிகள், அணிக்கு ஐந்து பேர்: ஓநாய், காளை, கர்லூ என்ற கடற்கரைப் பறவை, அண்டங்காக்கை. ஓநாய்க்கு நீலம், காளைக்குப் பச்சை, கர்லூவுக்கு மஞ்சள், அண்டங்காக்கைக்குச் சிவப்பு எனத் தோளில் கம்பளி நூல் குஞ்சம். அணியில் மூத்தவனே தலைவன். ஒவ்வோர் அணிக்கும் தனி இடம், தனிக் கூடாரம். அணித்தலைவனுக்குக் கொடுத்த அதிகாரம் பெயரளவில் நிற்கவில்லை. முகாமிலும் வெளியிலும் எந்த நேரத்திலும் தன் அணியின் நடத்தைக்கு அவனே பொறுப்பு. வேலை என்றாலும் விளையாட்டு என்றாலும் கணக்கு அணிக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. முகாமின் வெற்றிக்குக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்று பேடன் பவலே தம் முகாம் அறிக்கையில் சொன்னார்.

எட்டு நாள்

முதல் நாள் ஏற்பாட்டுக்கு. அணி பிரிப்பது, வேலை பகிர்வது, அணித்தலைவர்களுக்குத் தனிப் பயிற்சி. வேறு எந்தப் பாடமும் அன்று இல்லை. இரண்டாம் நாள் முகாம் வாழ்க்கை: குடில் கட்டுவது, பாய் பின்னுவது, முடிச்சு, அடுப்பு மூட்டுவது, சமையல், சுகாதாரம், தெரியாத இடத்தில் வழி காண்பது, படகு. மூன்றாம் நாள் கூர்ந்து நோக்கல்: தூரத்திலும் அருகிலும் உள்ளதைக் கவனித்து நினைவில் வைப்பது, தடம் பார்த்துப் பொருள் கொள்வது. நான்காம் நாள் காட்டறிவு: விலங்கு, பறவை, செடி, விண்மீன். மனிதரின் முகத்தையும் நடையையும் பார்த்து நிலைமையை உணர்வதும் அதில் சேர்த்தி. ஐந்தாம் நாள் வீரப்பண்பு: கண்ணியம், தன்னலமின்மை, சிக்கனம், தினம் ஒரு நற்செயல். ஆறாம் நாள் உயிர் காத்தல்: தீ, நீரில் மூழ்குதல், தறிகெட்டு ஓடும் குதிரை, தெரு விபத்து, முதலுதவி. ஏழாம் நாள் நாட்டுப்பற்று. எட்டாம் நாள் புதிதாக ஒன்றும் இல்லை. அதுவரை கற்றதெல்லாம் கலந்த விளையாட்டுப் போட்டிகள்.

இந்த வரிசையை உற்றுப் பார்த்தால் மூன்று முடிவுகள் தெரிகின்றன. முதல் நாளைக் கருப்பொருளுக்குக் கொடுக்காமல் ஏற்பாட்டுக்கே ஒதுக்கினார்கள். கைவேலையும் உடலுழைப்பும் முன்னால் வந்தன, பண்பு சார்ந்த கருத்துகள் ஐந்தாம் நாளில்தான் வந்தன. அதற்குள் பையன்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள், சேர்ந்து சமைத்திருப்பார்கள். கடைசி நாளைப் புதுப் பாடம் இல்லாமல் விட்டார்கள். ஆண்டுத் திட்டம் போடும் பல குழுக்கள் பன்னிரண்டு மாதத்திலும் பன்னிரண்டு கருப்பொருளை அடைத்துவிடுவதால் இந்த முதல் நாளையும் எட்டாம் நாளையும் இழந்துவிடுகின்றன. புது ஆண்டு தொடங்கும்போது புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், பழைய தலைவர்கள் அடுத்த நிலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் விண்வெளி, கடற்கொள்ளையர் என்று தொடங்கினால், யார் எந்தப் பெட்டியை எடுப்பது என்பதிலேயே மூன்று வாரம் போய்விடும்.

ஒரு நாளைக்குள் கற்பித்த முறையும் கவனிக்கத் தக்கது. நீண்ட சொற்பொழிவு பையன்களுக்குச் சலிப்பு என்று பேடன் பவல் தெளிவாக இருந்தார். விளக்கம் சிறு சிறு தவணைகளாக, எடுத்துக்காட்டுக் கதைகளோடு, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதும் ஓய்வு நேரத்திலும் வந்தது. காலை உணவுக்கு முன் செய்து காட்டினார்கள். பிறகு பயிற்சி, அதுவும் போட்டியாகவும் சிறு திட்டமாகவும். கதை, காட்டல், பழக்கம், போட்டி என்ற நான்கு படி இது. மதிய உணவுக்குப் பின் கட்டாய ஓய்வு என்பதும் அந்த நிரலில் இருந்தது. நாள் முழுக்க ஓடவிட்டால் மாலையில் எதுவும் மண்டையில் ஏறாது.

இரவுக் காவல்

பொறுப்பைப் பகிர்வது எப்படி என்பதற்கு இந்த முகாமில் கிடைக்கும் ஆகச் சிறந்த சான்று இரவுக் காவல். ஒவ்வோர் இரவும் ஓர் அணி முறை வைத்து வெளியே போனது. மாவு, இறைச்சி, உருளைக்கிழங்கு, தேயிலை எனப் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு மேல்கோட்டு, போர்வை, சமையல் பாத்திரம், தீப்பெட்டி. சொன்ன இடத்துக்குப் போய்த் தீ மூட்டி, இரவுச் சாப்பாட்டைத் தாங்களே சமைத்து, காவல் நிறுத்தித் தங்க வேண்டும். மற்ற அணிகளின் தலைவர்களும் பேடன் பவலும் எப்போது என்று சொல்லாமல் பதுங்கி வந்து காவலைச் சோதிப்பார்கள். இரவு 11 மணியோடு சோதனை முடிந்துவிடும். பிறகு காவலை விலக்கிக்கொண்டு எல்லாரும் தூங்கலாம். காலையில் முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

இதில் ஐந்து கூறுகள் பொதிந்திருக்கின்றன. வேலை முழுமையானது. விறகு பொறுக்க ஓர் அணி, சமைக்க இன்னோர் அணி என்று துண்டு போடவில்லை, ஓர் இரவு முழுவதும் ஒரே அணிக்குச் சொந்தம். வேலையோடு சேர்த்து அதற்கு வேண்டிய பொருளும் கையில் வந்தது. இடம் குறிக்கப்பட்டிருந்தது. சோதனை இருந்தது, அதைச் செய்தவர்களில் சக சிறுவர்களும் இருந்தார்கள். கடைசிக் கூறுதான் பலர் கண்ணில் படாதது: சோதனைக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. விடிய விடிய யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அது பொறுப்பாக இருக்காது, கண்காணிப்பாகிவிடும். பதினொன்றுக்குப் பிறகு அந்த ஐந்து பேரும் இருட்டும் மட்டுமே.

இப்போதைய கூடுகைகளில் பொறுப்புப் பட்டியல் தோற்கும் இடத்தைப் பார்த்தால், இந்த ஐந்தில் ஒன்று விடுபட்டிருக்கும். "நீ துடைப்பம், நீ நாற்காலி" என்று ஆளுக்கொரு துண்டு கொடுத்திருப்பார்கள், வேலை முடிந்ததா என்று பார்க்க யாருக்கும் அக்கறை இருக்காது. அல்லது பொறுப்பைக் கொடுத்துவிட்டு அலமாரிச் சாவியைத் தலைவர் தம் பையிலேயே வைத்திருப்பார். அல்லது நேரமாகிறது என்று ஒரு பெரியவர் பிள்ளையின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக் கூட்டிவிடுவார். அந்த ஒரு நிமிடத்தில் முறை முழுதும் பொய்யாகிவிடும். மெதுவாகச் செய்தால் பெரியவர் வந்து முடித்துக்கொடுப்பார் என்று அடுத்த வாரத்துக்குள் படை முழுவதற்கும் தெரிந்துவிடும்.

நாளை மாதமாக நீட்டினால்

1916இல் இளைய பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவாகக் குருளையர் முறை வந்தபோது அணியின் அளவு மாறியது. ஆறு பேர் சேர்ந்தது ஓர் அறுவர், அதற்கு நிறத்தின் பெயர், அதன் தலைவருக்கு சிக்ஸர் என்று பெயர். கீழே வரும் கணக்குக்கு 24 பிள்ளைகள், நான்கு அறுவர், வாரம் ஒருமுறை 90 நிமிடக் கூடுகை என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை குறைந்தால் அறுவரின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஓர் அறுவரில் நான்கு பேருக்குக் கீழே போகவிடக் கூடாது. மூன்றே பேர் இருந்தால், இரண்டு பேர் வராத வாரத்தில் மீதி ஒருவரால் எந்த முறைவேலையும் செய்ய முடியாது.

பிரவுன்சீயின் நான்கு படியும் மாதத்தின் நான்கு வாரத்தில் தாமாகவே உட்காருவதுபோல் தோன்றும். கதை முதல் வாரம், காட்டல் இரண்டாம் வாரம் என்று பிரிப்பவர்கள் உண்டு. அது வேலைக்கு ஆகாது. கதையைக் கேட்டு ஏழு நாள் கழித்துச் செய்துபார்க்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதையும் நினைவிருக்காது, ஆசையும் ஆறிப்போயிருக்கும். ஒவ்வொரு கூடுகைக்குள்ளும் நான்கு படியும் சிறிய அளவில் இருக்க வேண்டும். மாத அளவில் மாறுவது எடைதான். முதல் வாரத்தில் காட்டலுக்கு அதிக நேரம், இரண்டிலும் மூன்றிலும் பழக்கத்துக்கு, நான்காவதில் போட்டிக்கு.

நெருப்பைச் சுற்றிக் கேட்ட கதை மறுநாள் காலை வேலையாக மாறியதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதாவது அடுத்த மாதத்தின் கருப்பொருள் இந்த மாதத்தின் கடைசிக் கூடுகையிலேயே, கடைசிப் பத்து நிமிடத்தில் கதையாகத் தொடங்கிவிட வேண்டும். இந்தச் சின்ன மாற்றத்தால், பிள்ளைகள் அடுத்த வாரம் வரும்போதே கேள்வியோடு வருவார்கள், வீட்டிலிருந்து ஏதாவது எடுத்துக்கொண்டும் வருவார்கள்.

90 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். திறப்பு 10, ஓடியாடும் விளையாட்டு 10, கதையும் காட்டலும் சேர்த்து 15, செய்முறை 30, போட்டி 10, ஒழுங்குபடுத்தல் 10, நிறைவு 5. ஒழுங்குபடுத்தலை 90க்கு உள்ளேயே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அதைக் கூடுகை முடிந்த பிறகு என்று தள்ளினால் பெற்றோர் வாசலில் நிற்பார்கள், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், இரண்டு பெரியவர்கள் மட்டும் பசையைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். செய்முறை 30 நிமிடத்தைத் தாண்டும்போல் இருந்தால் போட்டியை வெட்டலாம், ஒழுங்குபடுத்தலை வெட்டக் கூடாது.

நான்கு அறுவர், நான்கு வாரம்: கண்ணுக்குத் தெரியாத சிக்கல்

வாரவேலைகளை நான்கு முழுப் பொறுப்பாகத் தொகுக்கலாம். திறப்பு அணி 15 நிமிடம் முன்னதாக வந்து கொடி கட்டும், வட்டம் வரையும், வருகை குறிக்கும். பொருள் அணி கருப்பொருள் பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுக்கும், எண்ணித் திரும்ப வாங்கும். விளையாட்டு அணி எல்லை குறித்து, பந்து கொண்டுவந்து, புள்ளி எழுதும். நிறைவு அணி கூட்டிப் பெருக்கி, விட்டுப்போன பொருள்களைச் சேர்த்து, கொடியை மடித்து, அறையை ஒப்படைக்கும். செய்முறையில் கலைந்ததை அவரவர் இடத்தில் அவரவர் எடுத்துவைப்பது எல்லாருக்கும் பொது. அறை முழுவதும்தான் நிறைவு அணிக்கு.

முதல் வாரம் சிவப்பு திறப்பு, நீலம் பொருள், பச்சை விளையாட்டு, மஞ்சள் நிறைவு. அடுத்த வாரம் ஒவ்வோர் அணியும் அடுத்த பொறுப்புக்கு நகரும்: சிவப்பு பொருளுக்கு, நீலம் விளையாட்டுக்கு, பச்சை நிறைவுக்கு, மஞ்சள் திறப்புக்கு. நான்கு வாரத்தில் எல்லா அணியும் எல்லாப் பொறுப்பையும் பார்த்துவிடும். நியாயமாகத் தோன்றுகிறது, அல்லவா? ஆனால் நான்காம் வாரம் யார் நிறைவு அணி என்று பாருங்கள். சிவப்பு. நான்காம் வாரம்தான் போட்டி, விருந்தினர், அதிகக் குப்பை. அடுத்த மாதமும் முதலிலிருந்து தொடங்கினால் அந்த வாரக் குப்பை மறுபடி சிவப்புக்கே. அணியும் நான்கு, வாரமும் நான்கு என்பதால் சக்கரம் அதே இடத்தில் பூட்டிக்கொள்கிறது. மஞ்சளுக்கு எப்போதும் முதல் வாரத்து லேசான நிறைவு. ஏன் எப்போதும் நாங்களே என்று சிவப்பு முணுமுணுக்கும்போது, சோம்பல் என்று தலைவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் சொல்வது கணக்குப்படி சரி.

தீர்வு எளிது. ஒவ்வொரு மாதத்தின் முதல் வாரமும் போன மாதத்து முதல் வாரத்தைவிட ஒரு படி முன்னே தொடங்க வேண்டும். இரண்டாம் மாதத்தின் முதல் வாரத்தில் சிவப்பு பொருள், நீலம் விளையாட்டு, பச்சை நிறைவு, மஞ்சள் திறப்பு. அப்போது நான்காம் வாரத்து நிறைவு மஞ்சளுக்குப் போகும், அதற்கடுத்த மாதம் பச்சைக்கு, பிறகு நீலத்துக்கு. நான்கு மாதத்தில் ஒரு சுற்று, ஆண்டில் மூன்று சுற்று. ஐந்து வாரம் உள்ள மாதம் ஆண்டுக்கு நான்கு முறையாவது வரும், ஏனென்றால் 52 வாரத்தில் 48 போனால் மீதி நான்கு. அந்த ஐந்தாம் வாரம் சக்கரத்தைத் தானாகவே ஒரு படி நகர்த்திவிடும். அதனால் ஐந்து வார மாதத்துக்குப் பிறகு வழக்கம்போல் நகர்த்தினால் போதும், நான்கு வார மாதத்துக்குப் பிறகு மட்டும் இரண்டு படி.

இதை அட்டையில் செய்து சுவரில் மாட்டுவது நல்லது. 30 செ.மீ. குறுக்களவுள்ள வட்ட அட்டையின் ஓரத்தில் நான்கு பொறுப்புகள், அதன் மேல் 20 செ.மீ. வட்டத்தில் நான்கு நிறங்கள், நடுவே ஒரு பிரிமுனை ஊசி. வாரந்தோறும் நிறைவு அணியின் சிக்ஸர் சுழற்ற வேண்டும், பெரியவர் தொடக் கூடாது. பின்பக்கம் அந்த மாதத்தின் தொடக்க நிலையைப் பென்சிலால் குறித்துவைத்தால், யாராவது விளையாட்டாகச் சுழற்றிவிட்டாலும் மீட்டுவிடலாம். விடுமுறையில் கூடுகை ரத்தானால் சக்கரத்தை நகர்த்தாதீர்கள். செய்யாத வேலையைச் செய்ததாகக் கணக்கில் ஏற்றுவது போலாகிவிடும்.

சோதனைக்கு பிரவுன்சீ முறையையே பின்பற்றலாம். மற்ற மூன்று சிக்ஸர்களும் ஒழுங்குபடுத்தலின் ஏதோ ஒரு நிமிடத்தில் வந்து பார்ப்பார்கள், பார்த்து முடித்ததும் நகர்ந்துவிடுவார்கள். எதைப் பார்ப்பது என்பது முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்: தரையில் காகிதம் இல்லை, பெட்டி மூடியுள்ளது, நாற்காலி அடுக்கியுள்ளது, விளக்கு அணைந்துள்ளது. நான்கு வரி போதும். ஏழு வயதுப் பிள்ளை படிக்க வேண்டியது, அதனால் வரிக்குப் பக்கத்தில் படமும் வரையுங்கள்.

நெருங்கிப் பார்த்தால்: இரண்டு மாதங்கள்

முடிச்சு மாதத்துக்குக் கயிறுதான் எல்லாம். ஆளுக்கு 2 மீட்டர், 24 பேருக்கு 48 மீட்டர், செய்துகாட்ட இன்னும் இரண்டு துண்டு, ஆக 52. தடிமன் 8 மி.மீ. அளவில் இருக்கட்டும். மெல்லிய கயிற்றில் முடிச்சு இறுகிப் பிஞ்சு விரலால் அவிழ்க்க முடியாது, வழவழப்பான நைலானில் போட்ட முடிச்சு கண்முன்னே நழுவும். பருத்தி நல்லது. வெட்டும் முன் வெட்டவேண்டிய இடத்தில் நாடா சுற்றி, நாடாவின் நடுவில் வெட்டினால் இரண்டு முனையும் பிரியாது. பாதிக் கயிறு ஒரு நிறம், பாதி வேறு நிறம் என்று வாங்கி, இரண்டிரண்டு பேராக உட்காரவைக்க வேண்டும். இரண்டு கயிற்று முனைகளை இணைக்கும் ரீஃப் முடிச்சில் வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் என்று சொன்னால் பாதிப் பேர் இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டு கிரானி என்ற தவறான முடிச்சைப் போட்டுவிடுவார்கள். ஒரே நிறக் கயிற்றில் தவறு எங்கே என்று பிள்ளைக்குக் காட்டவே முடியாது. இரண்டு நிறத்தில், சரியான முடிச்சில் ஒரு நிறத்தின் இரண்டு இழையும் பக்கம் பக்கமாக ஒரே திசையில் வெளியே வரும், தவறான முடிச்சில் குறுக்காக நிற்கும். பார்த்ததும் புரியும்.

இன்னொரு தவறு நிற்கும் திசை. தலைவர் பிள்ளைகளை நோக்கி நின்று முடிச்சுப் போட்டால் அவர்கள் பார்ப்பது கண்ணாடிப் பிம்பம். அவர்களுக்கு முதுகு காட்டி, கையைத் தோளுக்கு மேலே உயர்த்திப் போட்டுக் காட்ட வேண்டும், அல்லது அறுவருக்கு ஒருவர் எனப் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். பிரவுன்சீயில் முதல் நாளே அணித்தலைவர்களுக்குத் தனிப் பயிற்சி வைத்ததன் பயன் இங்கே தெரியும். நான்கு சிக்ஸர்களுக்கும் முந்தைய வாரம் 15 நிமிடம் ஒதுக்கி முடிச்சைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், கூடுகையன்று பக்கத்தில் உட்கார நான்கு ஆசிரியர்கள் தயார்.

கூர்ந்து நோக்கும் மாதத்தில் எல்லாரும் முதலில் எடுப்பது கிம் விளையாட்டு: தட்டில் பொருள்களை அடுக்கி, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடி, நினைவிலிருந்து எழுதச் சொல்வது. 24 பிள்ளைக்கு ஒரு தட்டு வைத்தால் முன்வரிசை பார்க்கும், பின்வரிசை தள்ளும். நான்கு தட்டு, நான்கிலும் ஒரே பொருள்கள், ஒரே அடுக்கு. இளைய பிள்ளைகளுக்கு 10 முதல் 12, பெரியவர்களுக்கு 20க்கு மேல். எழுத்து வேகம் குறைந்த பிள்ளை நினைவில் தோற்பதில்லை, எழுத்தில் தோற்கிறது. அதனால் அறுவருக்கு ஒரு தாள், ஒருவர் எழுத மற்றவர் சொல்லட்டும்.

தடம் வார்ப்பதுதான் இந்த மாதத்தில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் வேலை, அதிகம் சொதப்புவதும் அதுவே. ஈரமண்ணில் நல்ல தடம் தேர்ந்தெடுங்கள். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ தேடினால் விளிம்பின் நிழலால் தடம் எழுந்து தெரியும், உச்சி வெயிலில் அதே தடம் மறைந்துவிடும். 4 செ.மீ. உயரமுள்ள அட்டைப் பட்டையை வளையமாக்கிக் கிளிப் போட்டுத் தடத்தைச் சுற்றி மண்ணில் லேசாக அழுத்த வேண்டும். 10 செ.மீ. குறுக்களவுள்ள வளையத்தில் 2 செ.மீ. கனத்துக்கு ஊற்ற ஏறத்தாழ 160 மி.லி. கலவை வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். நேராகத் தடத்தின் மேல் ஊற்றினால் மண் கரைந்து விளிம்பு போய்விடும். பக்கத்தில் ஊற்றி வழியவிட வேண்டும்.

எடுக்கும் பதத்துக்கு இறுக அரை மணி நேரம் ஆகும். ஆகவே 90 நிமிடக் கூடுகையில் முதல் அரை மணிக்குள் ஊற்றியாக வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் விளையாட்டும் கதையும். வழக்கமான வரிசையில் செய்முறை நடுவில் வருகிறது என்று அப்படியே விட்டால், வீட்டுக்குப் போகும் நேரத்தில் பாதி இறுகிய வார்ப்பைப் பிள்ளைகள் பிய்த்து எடுப்பார்கள். நிரல் கருப்பொருளுக்கு வளைந்து கொடுக்க வேண்டிய இடம் இது. ஒரு கண்டிப்பு: பிளாஸ்டர் இறுகும்போது சுடும். கையைக் கலவைக்குள் வைத்துக் கையச்சு எடுக்க ஒருபோதும் விடாதீர்கள், கடுமையான தீக்காயம் ஏற்படும். மிஞ்சிய கலவையைத் தொட்டியில் ஊற்றினால் குழாயே அடைத்துவிடும். வாளியிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுவது பொருள் அணியின் வேலை.

பெரியவர்களின் பங்கு

பிரவுன்சீயில் உதவிக்கு மேஜர் கென்னத் மெக்லாரன் போன்றவர்கள் இருந்தாலும், கதையும் திட்டமும் பெரும்பாலும் பேடன் பவலின் தலையில்தான். எட்டு நாளுக்கு அது முடியும். ஆண்டு முழுக்க ஒரே ஆள் கதை சொல்லி, கயிறு வெட்டி, கடிதம் எழுதினால் ஆறாம் மாதத்தில் சோர்ந்துவிடுவார், அவர் விலகினால் படையும் கலைந்துவிடும். பெற்றோரைச் சேர்த்தே ஆக வேண்டும். அதையும் இரவுக் காவல் போலவே செய்ய வேண்டும். ஒருவருக்குப் பேப்பர், ஒருவருக்குப் பசை என்று சில்லறை வேலை கொடுத்தால் எல்லாரையும் நினைவூட்டிக்கொண்டிருப்பதே தலைவரின் முழு நேர வேலையாகிவிடும். ஒரு கருப்பொருள் முழுவதும் இரண்டு பேருக்கு. ஆறு இணை இருந்தால் ஓர் இணைக்கு ஆண்டுக்கு இரண்டு மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒருவர் புதியவர், ஒருவர் பழகியவர் என்று சேர்ப்பது நல்லது.

அந்த இணைக்கு நான்கு நாள் குறித்துக்கொடுங்கள். ஆறு வாரம் முன்பு: மாதக் கடைசியில் பிள்ளை எதைத் தானே செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது, இடம் உறுதி, வெளியாள் வர வேண்டுமானால் அழைப்பு. மூன்று வாரம் முன்பு: பொருள் கணக்கு, அதோடு வீட்டில் ஒரு பிள்ளையை வைத்து ஒத்திகை. ஒத்திகை இல்லாத செய்முறையைக் கூடுகைக்குக் கொண்டுவரவே கூடாது. பெரியவர் கையில் 10 நிமிடம் எடுப்பது பிள்ளை கையில் அரை மணி எடுக்கும் என்று அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் முன்பு: பெற்றோருக்குச் செய்தி, சிக்ஸர்களுக்குப் பயிற்சி. முந்தைய நாள்: பெட்டியை மூடி, மூடியின் உட்புறம் எண்ணிக்கைத் தாள் ஒட்டுவது.

கருப்பொருளோடு கைமாறக் கூடாத பொறுப்புகள் மூன்று: முதலுதவிப் பெட்டி, ஒவ்வாமையும் அவசர எண்ணும் உள்ள பட்டியல், பணக் கணக்கு. இவற்றை ஆண்டு முழுக்க ஒருவரே வைத்திருக்கட்டும், பதிலாள் ஒருவர் இருக்கட்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது சாரணர் சங்கங்களின் அடிப்படை விதி. ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் கூடுகை சுருங்க வேண்டும், விதி சுருங்கக் கூடாது. வெளியே அழைத்துப்போகும்போது பிரிட்டனின் சாரணர் சங்கம் குருளையருக்கு வைத்திருக்கும் அளவு எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், பொறுப்பாளர் அதற்கு மேல். 24 பேருக்கு மூன்றும் ஒன்றும் நான்கு. உங்கள் சங்கத்தின் அளவு வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

அப்படியே எடுக்கக் கூடாதவை

ஏழாம் நாளின் நாட்டுப்பற்று என்பது அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பேரரசின் பார்வை: குடியேற்ற நாடுகளின் நிலவியல், பேரரசை வென்ற செயல்கள், படையும் கொடியும். அதை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் வாழும் இடத்துக்கு அவர்கள் செய்யக்கூடிய வேலையை அங்கே வைக்க வேண்டும். கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களின் உலகப் பார்வை அதில் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே ஆண்டின் கருப்பொருள்களில் மூன்றையாவது சிக்ஸர்கள் தேர்ந்தெடுக்கட்டும்.

போட்டியையும் அளந்தே எடுக்க வேண்டும். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதினர், எட்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைகளின் புள்ளிப் பலகையை ஆண்டு முழுக்கக் கூட்டிக்கொண்டே போனால், மூன்றாம் மாதத்தில் பின்தங்கிய அறுவர் முயற்சியைக் கைவிடும். மாதம் முடிந்ததும் பலகையைத் துடைத்துவிடுங்கள். முறைவேலைக்குப் புள்ளியே வேண்டாம். கூட்டிப் பெருக்குவதற்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கினால், புள்ளி இல்லாத நாளில் யாரும் கூட்ட மாட்டார்கள்.

எட்டாம் நாளைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் மாதத்துக்குப் புதுக் கருப்பொருள் வைக்காமல், ஒவ்வொரு வாரமும் ஓர் அறுவர் ஆண்டில் தனக்குப் பிடித்த ஒரு செய்முறையைத் தேர்ந்தெடுத்து மற்ற மூன்று அறுவருக்கும் நடத்தட்டும். பெட்டியும், எண்ணிக்கைத் தாளும், அலமாரிச் சாவியும் முந்தைய வாரமே அவர்கள் கையில் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஓரமாக உட்காரலாம். நான்காம் வாரத்தின் கடைசிப் பத்து நிமிடம் வழக்கம்போல் அடுத்த மாதத்துக் கதைக்கு. இந்த முறை அதைச் சொல்ல வேண்டியவர், படையை விட்டு அடுத்த நிலைக்குப் போகிற மூத்த சிக்ஸர்.